டேட்டா ஏறாத மலைகள்

இந்தக் கட்டுரையின் எழுத்துகள் எல்லாவற்றையும் சேர்த்தால் கணினியில் 70 கிலோபைட்டுக்குள் அடங்கும். தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் யூனிகோடின் UTF-8 முறையில் மூன்று பைட் வேண்டியிருந்தும் அவ்வளவுதான். பொறுமையாக வாசிப்பவருக்கு இது கால் மணி நேர வேலை. கண்டி நகரில் ஒருவர் கைப்பேசியில் கிரிக்கெட் ஆட்டம் ஒன்றைத் தெளிவான வீடியோவாகப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் இறங்கும் அந்த வீடியோ, இந்தக் கட்டுரையின் அளவை ஒரு விநாடியின் எட்டில் ஒரு பங்குக்குள் கடந்துவிடும்.

இணையத்தில் பாயும் டேட்டா ஏன் ஆண்டுக்கு ஆண்டு பெருகுகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. மீதியைத் தேடுவதற்குக் கண்டி நல்ல இடம். நாட்டின் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு பேராதனையிலிருந்துதான் இயங்குகிறது. வீட்டில் கணினியே இல்லாத மக்களுக்கு வானொலி வழியாக இணையத்தைக் கொண்டுபோன கொத்மலை இங்கிருந்து தூரமில்லை. நகரத்தைச் சுற்றி நிற்கும் மலைகளில் சிக்னல் ஏறாத தோட்டங்களும் இருக்கின்றன.

ஓர் ஊரில் ஒரு நாளில் பாயும் டேட்டா மூன்று எண்களின் பெருக்கம்: எத்தனை பேர், எத்தனை மணி நேரம், விநாடிக்கு எத்தனை பிட். முதல் எண்ணுக்கு எல்லை உண்டு. கண்டி மாவட்டத்தின் மக்கள்தொகைக்கு மேல் அது போக முடியாது. இரண்டாவது எண்ணுக்கும் எல்லை உண்டு. நாளுக்கு 24 மணி நேரம்தான், அதில் தூக்கமும் வேலையும் போக மிஞ்சியதுதான். மூன்றாவது எண்ணுக்கு மட்டும் அப்படி இயற்கையான வேலி எதுவும் இருக்கவில்லை. கைப்பேசியில் ஒரு குரல் அழைப்புக்கு விநாடிக்குச் சுமார் 12 கிலோபிட் போதுமாயிருந்தது. ஒரு நிமிடப் பேச்சு 90 கிலோபைட் அளவில் முடிந்துவிடும். நெட்ஃபிளிக்ஸ் தன் பயனர்களுக்குச் சொல்லும் கணக்கின்படி சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரப் படம் 1 ஜிகாபைட் வரை எடுக்கும். அதே படம் எச்டி தரத்தில் 3 ஜிகாபைட், 4கே தரத்தில் 7 ஜிகாபைட் வரை போகும். குடும்பத்தில் ஆள் கூடவில்லை, பார்க்கும் நேரமும் கூடவில்லை. புதிய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று வந்ததும் டேட்டா ஏழு மடங்காகிறது. உலகம் முழுவதும் கைப்பேசி வலையமைப்புகளில் பாயும் டேட்டாவில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்று வீடியோதான் என்று எரிக்சன் நிறுவனத்தின் அறிக்கைகள் சொல்கின்றன. ஆகவே பெருக்கத்துக்கு முதல் காரணம் எது என்று கேட்டால் வீடியோ என்று தயங்காமல் சொல்லலாம். ஆனால் வீடியோ தானாக வந்து நிற்கவில்லை.

இலங்கைக்கு இணையம் கல்விச் சாலைகளின் வழியாகத்தான் வந்தது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று தொடங்கிய லேர்ன் வலையமைப்பு 1990இல் மின்னஞ்சலில் ஆரம்பித்தது. தொலைபேசி இணைப்பில் கடிதங்கள் கட்டுக்கட்டாக வெளிநாட்டுக்குப் போய், பதில்கள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்த காலம் அது. 1990களின் நடுப்பகுதியில் கொழும்பு, மொறட்டுவை, திறந்த பல்கலைக்கழகம் ஆகியவை நேரடி இணைப்பில் சேர்ந்தன. பேராதனையும் பின்னால் வந்து சேர்ந்தது. வணிக ரீதியான இணையச் சேவையும் நாட்டில் 1995இல்தான் தொடங்கியது. அன்று ஒரு முழுப் பல்கலைக்கழகம் பகிர்ந்துகொண்ட இணைப்பைவிட இன்று ஒரு மாணவியின் கைப்பேசி வேகமானது.

அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒரு கதை உலவியது. இணையத்தில் பாயும் டேட்டா 100 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்பதுதான் அது. அப்படியானால் ஆண்டுக்குப் பன்னிரண்டு மடங்குக்கு மேல். பங்குச் சந்தை அதை நம்பியது, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கடன் வாங்கிக் கண்ணாடி இழைகளைப் புதைத்தன. ஏடிஅண்ட்டி ஆய்வகத்தில் இருந்த ஆண்ட்ரூ ஒட்லிஸ்கோ என்ற கணிதவியலாளரும் கெர்ரி காஃப்மனும் உண்மையான அளவுகளைத் தேடி எடுத்துப் பார்த்தார்கள். 1995, 1996இல் ஒரு பாய்ச்சல் இருந்தது உண்மை. அதன் பிறகு பெருக்கம் ஆண்டுக்கு ஏறத்தாழ இரு மடங்கு என்ற அளவில்தான் நின்றது. இரு மடங்கே பெரிய வேகம்தான். பன்னிரண்டு மடங்குக்கு முன் அது சிறிதாகத் தெரிந்தது. 2002 ஜூலையில் அந்தக் கதையின் ஊற்றாக இருந்த வேர்ல்ட்காம் நிறுவனம் திவாலானது. ஆனால் புதைத்த கண்ணாடி இழை மண்ணுக்குள்ளேயே இருந்தது. விலை சரிந்த அந்தக் கொள்ளளவின் மேல்தான் 2005இல் யூடியூப் போன்ற ஒன்று எழ முடிந்தது. தேவை இருந்து பாதை வருவது ஒரு வகை. பாதை மலிந்துபோய்த் தேவை பிறப்பது இன்னொரு வகை. இணையத்தின் வரலாற்றில் இரண்டாவது வகைக்குப் பங்கு பெரிது என்பது என் எண்ணம்.

இலங்கையில் அந்த மலிவு கைப்பேசி வழியாக வந்தது. டயலொக் நிறுவனம் 2006இல் 3ஜி சேவையைத் தொடங்கியது. தெற்காசியாவில் அதுவே முதல். 2013இல் 4ஜி வந்தது. போட்டி நிறுவனங்கள் விலையைக் குறைத்தன, ஆண்ட்ராய்ட் கைப்பேசிகள் மலிந்தன. கட்டுகஸ்தோட்டைக் கடைகளிலும் கம்பளை பஸ் நிலையத்திலும் ரீலோட் போடுவது அன்றாட வழக்கமாயிற்று. நம் நாட்டில் பெரும்பாலானோருக்கு முதல் கணினியே கைப்பேசிதான். வீட்டுக்கு வரும் கம்பி இணைப்பைவிடக் காற்றில் வரும் டேட்டாவே அவர்களுக்கு இணையம்.

இங்கே கொத்மலையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. மகாவலித் திட்டத்தில் இடம்பெயர்ந்த மக்களுக்காக 1980களில் நடந்த சமூக வானொலி முயற்சியின் தொடர்ச்சியாகக் கொத்மலை நிலையம் 1989இல் வந்தது. 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் ஆதரவோடு அந்த நிலையத்துக்கு ஓர் இணைய இணைப்புக் கிடைத்தது. கம்பளை, நாவலப்பிட்டிப் பொது நூலகங்களுக்கும் அதே திட்டத்தில் இணைய வசதி போனது. நேயர்கள் கடிதத்திலோ தொலைபேசியிலோ கேள்வி அனுப்புவார்கள். அறிவிப்பாளர்கள் இணையத்தில் தேடிப் படித்து, வானொலியிலேயே தாய்மொழியில் விளக்குவார்கள். ஒரு பயிர் நோய் பற்றிய பக்கம் ஒரே ஒரு முறை இறங்கும். பள்ளத்தாக்கு முழுவதும் கேட்கும். ஆயிரம் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் இணைப்பில் பாயும் டேட்டா ஒன்றேதான்.

பரப்புதலின் இந்தச் சிறப்பைத்தான் இன்றைய இணையம் இழந்திருக்கிறது. ரூபவாஹினி தொலைக்காட்சி 1982இல் தொடங்கி பிதுருதலாகலை உச்சியிலிருந்து அனுப்பிய அலைக்குப் பார்ப்பவர் எண்ணிக்கை ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. பெட்டியைத் திறந்தவர் எல்லோருக்கும் ஒரே அலை. கைப்பேசியில் ஒரு கிரிக்கெட் ஆட்டத்தை நேரலையில் பார்த்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பிரதி, சேவையகத்திலிருந்து கைவரை தனித்தனியாகப் பாய்கிறது. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் ஒன்றில் அடுத்தடுத்த காம்பராக்களில் பத்துப் பேர் ஒரே ஆட்டத்தைப் பார்த்தால் பத்துப் பிரதி. மக்கள் தொலைக்காட்சியிலிருந்து கைப்பேசிக்கு மாறும்போது பார்க்கும் நேரம் கூடாவிட்டாலும் டேட்டா பெருகுவதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். டேட்டாப் பெருக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் இதை அதிகம் சொல்வதில்லை. வீடியோவின் தெளிவு கூடியதைச் சொல்வார்கள், கைப்பேசிகளின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். அலை ஒன்று பல இலட்சம் பிரதிகளாக உடைந்ததைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பிரதிகள் எல்லாமே கடல் கடந்து வரவேண்டியிருந்தால் நாடு தாங்காது. ஒளி கண்ணாடி இழைக்குள் விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் ஓடும். கொழும்பிலிருந்து கண்டிக்கு உள்ள 115 கிலோமீட்டரை ஒரு மில்லி விநாடிக்குள் தாண்டிவிடும். ஐரோப்பாவுக்குப் போய்வர நூறு மில்லி விநாடிக்கு மேல் ஆகும். கடல் கடந்து போக வழி கல்கிசை, கொழும்பு, மாத்தறை ஆகிய கரைகளில் ஏறும் சில கடலடிக் கம்பிகள் மட்டுமே. 2004 ஆகஸ்டில் கொழும்புக்கு அருகே ஒரு கப்பலின் நங்கூரம் சீ-மீ-வீ 3 கம்பியைச் சேதப்படுத்தியபோது நாட்டின் இணையம் ஏறத்தாழ முழுவதும் நின்றுபோனது. அதன் பிறகு கம்பிகள் கூடின. அதைவிட முக்கியமான இன்னொரு மாற்றம் சத்தமில்லாமல் நடந்தது. கூகுள், பேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் போன்ற நிறுவனங்கள் அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் பிரதிகளைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கட்டடங்களுக்குள்ளேயே சேமிப்புச் சேவையகங்களில் வைக்கத் தொடங்கின. ஒரு பாடல் கடலை ஒருமுறை கடந்தால் போதும். அதன் பின் உள்நாட்டிலிருந்தே பரிமாறலாம். கொத்மலை வானொலி செய்ததில் பாதியை இந்தச் சேமிப்புகள் செய்கின்றன. மறு பாதி, அதாவது கோபுரத்திலிருந்து ஒவ்வொரு கைக்கும் போகும் தனித்தனிப் பிரதி, அப்படியே இருக்கிறது.

அந்த மறு பாதிதான் மலைநாட்டின் சிக்கல். 4ஜி கோபுரம் ஒன்றின் ஒரு பக்கம், 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், பெயரளவில் விநாடிக்கு 150 மெகாபிட் தரும். நடைமுறையில் சராசரி அதில் கால் பங்கை ஒட்டியே நிற்கும். அதாவது எச்டி வீடியோ பார்க்கும் ஏழெட்டுப் பேர் போதும், அந்தப் பக்கம் நிரம்பிவிடும். எசல பெரஹரா இரவுகளில் தலதா வீதியில் திரளும் கூட்டத்தில் எல்லோரும் யானையைப் படமெடுத்து அப்போதே அனுப்ப முயன்றால் என்ன ஆகும்? கைப்பேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் பாதை, கோபுரத்திலிருந்து வரும் பாதையைவிடக் குறுகலானது. சிக்னல் கம்பிகள் முழுவதாக நின்றாலும் படம் போகாது. சிக்னல் இருப்பது வேறு, கொள்ளளவு இருப்பது வேறு.

டென்மார்க்கின் எர்லாங் 1909இல் தொலைபேசி அழைப்புகளுக்காக எழுதிய கணிதத்திலிருந்து இன்றுவரை வலையமைப்புகள் எல்லாம் நெரிசல் மிக்க நேரத்தை அளவாக வைத்தே கட்டப்படுகின்றன. தேருக்கு வரும் கூட்டத்துக்கு ஏற்றபடி அன்னதானப் பானை வாங்கிவிட்டு மற்ற நாட்களில் அதைக் கவிழ்த்து வைப்பது போலத்தான். இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தேவைப்படும் கொள்ளளவு அதிகாலை மூன்று மணிக்குச் சும்மா கிடக்கும். நம் நாட்டு டேட்டாப் பொதிகளில் நள்ளிரவுக்குப் பின் தனியாக ஜிகாபைட்டுகளை அள்ளிக் கொடுத்ததன் காரணம் இதுதான். சும்மா கிடப்பதைக் கொடுப்பதில் நிறுவனத்துக்குச் செலவு மிகக் குறைவு. ஆனால் அந்த விலைமுறை மனிதரின் பழக்கத்தையும் மாற்றியது. படங்களைத் தரவிறக்க இரவு பன்னிரண்டு மணிவரை விழித்திருக்கும் பிள்ளைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஒரு செயலிக்கு மட்டும் வரம்பில்லாமல் தரும் பொதிகளும் அப்படியே: பணம் கட்டியவர் அந்த ஒரு செயலியிலேயே தங்கிவிடுகிறார். விலை எப்படி வகுக்கப்படுகிறதோ அப்படி டேட்டா பாய்கிறது.

செயலிகளின் அமைப்பும் டேட்டாவைத் தள்ளுகிறது. அழுத்தாமலேயே வீடியோ ஓடத் தொடங்கும் முறையைப் பேஸ்புக் 2013இல் கொண்டுவந்தது. பின்னர் குறுவீடியோச் செயலிகள் இன்னும் ஒரு படி போயின. நீங்கள் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சிலவற்றை முன்கூட்டி இறக்கி வைக்கும். இரண்டு விநாடி பார்த்துத் தள்ளிவிட்டாலும், பார்க்கவே செய்யாவிட்டாலும், இறங்கிய டேட்டாவுக்குக் காசு உங்களுடையது. நாள் கூலிக்கு ரீலோட் போடுபவர்களின் பணம் பார்க்காத வீடியோக்களுக்குப் போவது எனக்குக் கோபத்தைத் தருகிறது. செயலிகளின் அமைப்புகளில் டேட்டா சேமிப்பு என்ற தெரிவு ஓர் ஓரத்தில் இருக்கும். அது முதலிலேயே இயக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

எதிர்த் திசையில் வேலை செய்யும் சக்திகளும் உண்டு. 2003இல் வந்த எச்.264 சுருக்க முறையிலிருந்து 2018இன் ஏவி1 வரை, அதே தெளிவுக்கு வேண்டிய பிட்கள் படிப்படியாகக் குறைந்துள்ளன. கண்ணுக்கும் எல்லை இருக்கிறது. உள்ளங்கை அளவுத் திரையில் 4கேயின் நுணுக்கத்தைக் காண எவராலும் முடியாது. விநாடிக்கு எத்தனை பிட் என்ற மூன்றாவது எண்ணுக்கும் கடைசியில் ஒரு வேலி முளைக்கிறது. உலகக் கைப்பேசி டேட்டாவின் ஆண்டு வளர்ச்சி 2024இல் 20 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிட்டது. முந்தைய ஆண்டுகளின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய தணிவு. ஏற்கெனவே இணைந்தவர்கள் நிறைந்து வருகிறார்கள் என்பதே இதன் பொருள். இனி வளர்ச்சி வரவேண்டுமானால் முதல் எண்ணில்தான், இன்னும் இணையாதவர்களிடம்தான் வரவேண்டும். அவர்கள் கண்டியைச் சுற்றியே இருக்கிறார்கள்.

கண்டி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரத்தில் ஒரு கிண்ணத்தில் கிடக்கிறது. தெற்கே ஹந்தானை ஆயிரம் மீட்டரைத் தாண்டி எழுகிறது; கிழக்கே நக்கிள்ஸ் தொடர். ஹந்தானை முகட்டில் நிற்கும் கோபுரங்கள் நகரத்தை நன்றாகப் பார்க்கின்றன, மலையின் மறுபக்கத்து மடிப்புகளைப் பார்ப்பதில்லை. வானொலி அலை நேர்கோட்டில் போகவே விரும்பும். அலைநீளம் கூடினால் முகட்டைச் சற்று வளைந்து இறங்கும். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர், அதனால் அது ஓரளவு வளையும். 2600 மெகாஹெர்ட்ஸ் அலை சுமார் 11.5 சென்டிமீட்டர்தான்; அது நிறைய டேட்டாவைச் சுமக்கும், வளைவது குறைவு. மலைநாட்டுக்கு வேண்டியது வளையும் அலை. நகரத்தின் கொள்ளளவுக்கு வேண்டியது சுமக்கும் அலை. ஈரமான மரங்கள் சக்தியை உறிஞ்சும். லயத்தின் தகரக் கூரை உலோகம் என்பதால் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கலஹாவிலும் தெல்தோட்டையிலும் புசல்லாவையிலும் ரங்கலையிலும் வாசலில் நின்றால் சிக்னல், காம்பராவுக்குள் போனால் இல்லை என்று சொல்பவர்கள் கற்பனையாகச் சொல்லவில்லை, அது இயற்பியல்.

2020 மார்ச்சில் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டபோது இந்த வேறுபாடு வெளிச்சத்துக்கு வந்தது. பல்கலைக்கழகங்களுக்குப் பேராதனையில் இயங்கும் லேர்ன் கைகொடுத்தது. அதன் சேவையகங்கள் வழியாக ஜூம் வகுப்புகள் நடந்தன. பல்கலைக்கழகச் சேவையகங்களை மாணவர்கள் கட்டணமில்லாமல் பயன்படுத்தத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இணங்கின. வளர்ந்துவரும் ஒரு நாடு ஆண்டுக்கணக்கில் தன் சொந்த வலையமைப்பைப் பேணி வைத்திருந்ததன் பலன் அது. அதற்காக உழைத்த பொறியியலாளர்களுக்கு நாம் நன்றி சொல்லியே ஆகவேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படியொரு அமைப்பு இல்லை. பாடங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் படங்களாக வந்தன. வீட்டில் ஒரே கைப்பேசி, அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவ கிராமத்தில் மாணவர்களும் ஆசிரியரும் காட்டு வழியே சில கிலோமீட்டர் நடந்து, சிக்னல் கிடைக்கும் பாறையில் ஏறிப் பாடம் நடத்திய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. கண்டி மாவட்டத்துத் தோட்டங்களில் பாறை ஏறியவர்களைப் படமெடுக்க எவரும் வந்ததாக நான் அறியவில்லை.

டேட்டா பெருகுவதை நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லவும் முடியாது. 2018 மார்ச்சில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, வெறுப்பைத் தூண்டும் பதிவுகள் சமூக வலைத்தளங்களில் வேகமாகப் பரவின. அரசு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் போன்றவற்றை ஒரு வாரம் அளவில் முடக்கியது. தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்குப் பேஸ்புக் 2020இல் வருத்தம் தெரிவித்தது. முடக்கம் நடந்த நாட்களில் பலர் விபிஎன் செயலிகளுக்குப் போனார்கள். விபிஎன் ஒவ்வொரு கோரிக்கையையும் பூட்டி வெளிநாட்டுக்கு அனுப்புவதால், உள்நாட்டுச் சேமிப்பில் இருக்கும் பிரதிகூடப் பயன்படாமல் எல்லாமே கடலைக் கடந்து போய் வருகின்றன. டேட்டா வரைபடத்தில் கோடு எழும்பும். அந்தக் கோட்டில் பாய்வது பாடமா வெறுப்பா, அச்சத்தில் உறவுகளைத் தேடும் செய்தியா என்று வரைபடம் சொல்லாது.

இணைப்பு என்பது மின்சாரத்தின் மேல் நிற்கிறது என்பதை 2022 நமக்குக் கற்பித்தது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. கோபுரங்களின் பேட்டரிகள் சில மணி நேரத்தில் தீர்ந்தன, ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் கைப்பேசிக் கட்டணம் 20 விழுக்காடு கூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. மண்சரிவில் சாலை போன இடங்களில் சாலையோரக் கம்பியும் போனது. மண்சரிவு எச்சரிக்கை கைப்பேசி வழியாகவும் வரும். ஆனால் ஆபத்தான சரிவுகளில் வாழ்பவர்கள் பலருக்குச் சிக்னல் மிகக் குறைவு. இதைவிட அவசரமான காரணம் கோபுரத்துக்கு வேறு வேண்டுமா?

கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டதும் அதே ஆண்டுதான். ரயிலை இழுத்து வந்தது கோப்பி. மலையிலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் சரக்கு எவ்வளவு என்ற கணக்கே பாதையைத் தீர்மானித்தது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் தேவை அந்தக் கணக்கில் வரவில்லை. இன்றைய வலையமைப்புத் திட்டமிடலிலும் அதே கணக்கு நடப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எந்தக் கோபுரத்தில் டேட்டா பெருகுகிறதோ அங்கே கொள்ளளவைக் கூட்டுவது ஒரு நிறுவனத்தின் பார்வையில் சரியான முடிவு. ஆனால் சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் பாயும் டேட்டா பூச்சியம். பூச்சியம் வரைபடத்தில் எழும்பாது. எழும்பாத இடத்துக்குக் கோபுரம் வராது, கோபுரம் வராத இடத்தில் டேட்டா பாயாது. தேவை இல்லாததால் பூச்சியமா, வழி இல்லாததால் பூச்சியமா என்று அந்த எண்ணைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பாதை வந்த பின்தான் தேவை தெரியும் என்பதை இணையத்தின் வரலாறே காட்டியிருக்கிறது.

சந்தைக்கு அப்பால் ஒரு கை வேண்டும் என்பதை அரசும் ஏற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. 2000களின் நெனசல இணைய நிலையங்கள் ஒரு முயற்சி. இரத்தினபுரி மாவட்டத்தில் தொடங்கிய கமட்ட சன்னிவேதனய திட்டம் இன்னொரு முயற்சி. கிராமங்களுக்கு 4ஜி கோபுரங்களை அமைப்பது அதன் நோக்கம். 2025 ஜூலையில் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் சேவையும் வந்துவிட்டது. மலை மடிப்பு அதற்குத் தடையில்லை, வானம் தெரிந்தால் போதும். ஆனால் 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. ஸ்டார்லிங்கின் மாதக் கட்டணம் அந்தச் சம்பளத்தில் பல நாட்களை விழுங்கிவிடும். ஐநாவின் அகலக்கற்றை ஆணையம் நுழைவுநிலை இணைப்பின் விலை சராசரி மாத வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று இலக்கு வைத்தது. சராசரி என்பது கொழும்பையும் லயத்தையும் ஒன்றாக்கிப் பெற்ற எண். தனி வீட்டுக்கு எட்டாத செயற்கைக்கோள் இணைப்பு ஒரு தோட்டப் பாடசாலைக்கு எட்டும். அங்கிருந்து சுற்றியுள்ள லயங்களுக்கு வைஃபை கொடுக்கலாம், புயல் நாளில் அதுவே எச்சரிக்கை வரும் வழியாகவும் இருக்கும். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் 1990களின் இறுதியிலேயே செய்து பார்த்த வகையான வேலைதான் இது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்கவேண்டியது ஒன்று உண்டு. கண்டி மாவட்டத்தின் தோட்டப் பாடசாலைகள் ஒவ்வொன்றிலும், டிவிசன்கள் எனப்படும் மலையடிவாரத் தோட்டப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும், இரவு எட்டு மணிக்கு இறங்கும் வேகத்தையும் ஏறும் வேகத்தையும் அளந்து, சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள். பூச்சியம் வரும் இடங்களை முதலில் எழுதுங்கள். அந்தப் பட்டியல் வரும்வரை தோட்டத்துப் பெற்றோரும் ஆசிரியர்களும் காத்திருக்க வேண்டாம். உங்கள் டிவிசனில் எந்த இடத்தில் சிக்னல் அறுகிறது, எந்த நேரத்தில் அறுகிறது என்று குறித்து, பிரதேச சபைக்கும் ஆணைக்குழுவுக்கும் எழுத்தில் அனுப்புங்கள்.